ஐந்து கால்

கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
ஏழாம் லேன் எனக்கு, எட்டு திம்மராயனுக்கு.
சனிக்கிழமை பத்து மணிக்கு ஷிஃப்ட் மாறும்போதே
ரசீது ரோலில் ஒரு முழம் கிழித்து எழுதிவிடுவான்:
ஒன்று நாற்பது, ஒன்று ஐம்பது, ஒன்று முப்பது,
ஒன்று அறுபது, ஒன்று நாற்பத்தைந்து.

"கூட்டக் கூடாது நாகவேணி, பெருக்கணும்.
அஞ்சு மேட்ச். இருநூறு போட்டா ஆயிரத்து இருநூத்தி அறுபத்தாறு.
ஒண்ணு சறுக்கினா மொத்தமும் போச்சு.
ஆனா பாருங்க, எல்லாமே ஜெயிக்கிற டீம்."

லெக் என்பான் ஒவ்வொன்றையும்.
நான் கால் என்பேன்.
கட்டிலுக்கே நாலுதான்.
ஐந்து கால் வைத்த எதுவும்
நடந்து நான் பார்த்ததில்லை.

நல்ல பனி அன்றைக்கு.
ஒரு கிரானைட் லாரி வந்து நின்றது, ஃபாஸ்டேக் படிக்கவில்லை.
ஸ்கேனரோடு இறங்கிப் போனேன்.
நாமக்கல் டிரைவர், பாதித் தூக்கத்தில்:
"அத்திப்பள்ளில ஒரு வெட்டு, இங்க ஒரு வெட்டு,
இன்னும் தொப்பூர், ஓமலூர்.
ஊர் போய்ச் சேர்றப்ப வாடகைல என்னம்மா நிக்கும்?"

கட்டையைத் தூக்கி அனுப்பிவிட்டு
ரோலின் பின்பக்கம் நானும் கணக்குப் போட்டேன்.
நூறு கிடைக்க வேண்டிய இடத்தில்
ஆப் தருவது தொண்ணூற்றைந்து என்று வை.
அது ஒரு மேட்சுக்கு. ஒரு கேட்டுக்கு.
ஐந்தைப் பிணைத்தால் ஐந்து வெட்டு,
வெட்டிய மீதியில் மறுபடி வெட்டு.
இருநூறு, போட்ட நொடியிலேயே நூற்றைம்பத்தைந்து.
பந்தை இன்னும் எவனும் உதைக்கவில்லை.
ஐந்து கால் கட்டினால் கால் பங்கு கட்டணம்,
சில்லறை குறைய.
பதினான்காயிரம் சம்பளத்துக்கு நான் செய்கிற அதே வேலை.
அவர்களுக்குக் கூண்டுகூட வேண்டாம்.

மூன்று மணிக்குள் நாலும் ஜெயித்தன.
எட்டாம் லேனில் விசில்.
ஐந்தாவது, ஸ்காட்லாந்தில் ஏதோ ஓர் ஊர்.
இரண்டு கோல் முன்னால் இருக்கும்போது
மைதானத்தில் கரண்ட் போய்விட்டதாம்.
அங்கேயும் போகுமா?
மேட்ச் ரத்து.

ரத்தான மேட்ச் தோற்பதுமில்லை, ஜெயிப்பதுமில்லை.
அதற்கு விலை ஒன்று.
ஒன்றால் எதைப் பெருக்கினாலும் அதுவேதான்.
நாலு கால் காசு வந்து விழுந்தது:
எண்ணூற்று எழுபத்து மூன்று ரூபாய் அறுபது காசு.

லாபம்தானே, கேட்டேன்.
"முன்னூத்தித் தொண்ணூத்தி மூணு போச்சுங்க" என்றான்.
பர்ஸைத் தொலைத்தவன் முகம்.

என் காகிதத்தை நீட்டினேன்.
முழுசாகப் படித்தான்,
போனில் ஒருமுறை பெருக்கியும் பார்த்தான்.
"சரியாத்தான் போட்டிருக்கீங்க."
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
அடுத்த சனிக்கு எழுதத் தொடங்கினான். எட்டுக் கால்.
வந்தது மொத்தமும் அதில்.

அந்த இருநூறில் ஐம்பது என்னுடையது என்பதை
இதுவரை சொல்லவில்லை.
என் பங்கு இருநூற்றுப் பதினெட்டு நாற்பது.
அதை மட்டும் எடுத்துக் கொடுத்துடு என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
காவேரிப்பட்டினம் தேங்காய் வண்டி ஒன்று
என் லேனில் விடாமல் ஹாரன் அடித்தது.
போய்த் திறந்துவிட்டேன்.
கொஞ்சம் மெதுவாகத்தான்
திரும்பி வந்தேன்.