இரண்டாம் துளி

நகத்தைப் படம் பிடித்தால் போதும்.
ஊசி வேண்டாம், வலி வேண்டாம்,
உடம்பில் எவ்வளவு சிவப்பென்று போன் சொல்லிவிடும்.
அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்
பேராதனையில், ஒன்றரை நாள் பயிற்சியில்,
பகலுக்கு ஒரு சோற்றுப் பொதியோடு.

மஸ்கெலியாவுக்கு மேலே,
கீழ்க்கணக்குக் கொழுந்து மடுவம்.
தராசுக்குப் பக்கத்தில் மேசை போட்டுத் தந்தார் கணக்கப்பிள்ளை.
காலை நிறுவை முடிந்து
ஒவ்வொருத்தியாய் வந்து கை நீட்ட,
போன் ஒவ்வொரு கையையும் பார்த்து
ஒரே வசனத்தைச் சொன்னது:
படம் பொருத்தமில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.

மேசையைக் கதவோரம் இழுத்தேன்.
பனி வந்து வெளிச்சத்தைத் தின்றது.
பனி போனது. மறுபடி எடுத்தேன்.
நாற்பத்தொரு பேர்.
கொழுந்துக் கறை ஏறி ஏறி
நகத்தின் மேல் இன்னொரு நகமாய் முளைத்த கைகள்.
போனுக்கு அந்த நிறம் தெரியாது.
அது பார்த்துப் பழகிய விரல்கள்
வேறெங்கோ வேறு வேலை செய்தவை.

பேராதனைக்குப் பேசினேன்.
கறையிருந்தால் சேர்க்க வேண்டாம் என்றார்கள்,
விலக்கு விதி, பக்கம் நான்கு.
நாற்பத்தொரு பெயரிலும் கோடு போட்டேன்.
மரியபுஷ்பம் எட்டிப் பார்த்தாள்.
"கிலோ கொறஞ்சாலும் அரைப்பேராவது போடுவாங்க.
ஒங்க புத்தகத்துல அதுவும் இல்லியா தம்பி?"
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.

மறுநாள் நேரத்தோடு வந்து நின்றாள்.
ராத்திரி எலுமிச்சங்காயும் அடுப்புச் சாம்பலும் போட்டு
சட்டி தேய்க்கிற நாரால் தேய்த்தாளாம்,
பிள்ளைகள் தூங்கின பிறகு.
பத்து விரலும் வெட்டிய பீட்ரூட்.
"இப்ப எடுங்க."

போன் உடனே ஒத்துக்கொண்டது.
பன்னிரண்டு தசம் ஆறு.
பச்சை வட்டம்.
இரத்தசோகை இல்லை.

ஆனால் மூன்று படி ஏறிவந்த மூச்சு
இன்னும் அவளுக்கு இறங்கவில்லை.
தராசுக் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.
கீழிமையை இழுத்துப் பார்த்தேன்:
மழையில் ஊறிய கடுதாசி.

பைக்குள் ஊசிப் பெட்டி இருந்தது,
ஒப்பிட்டுப் பார்க்க, பத்துப் பேருக்கு ஒருத்தருக்கு.
முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும்,
இரண்டாவதுதான் கணக்கு. பக்கம் ஏழு.
துடைத்த பஞ்சில் நிறமே பிடிக்கவில்லை,
மூன்றாம் தடவை வெந்நீர் ஊற்றிய சாயத்தண்ணி.
இரண்டாம் துளி சொன்னது
ஏழு தசம் எட்டு.

பத்து நிமிடம், ஒரே விரல்,
இரண்டு எண்கள்.
தேய்த்துத் தேய்த்துப் புண்ணான தோலை
ஆரோக்கியம் என்று வாசித்திருக்கிறது போன்.

டிஸ்பென்சரி ஐயா மாத்திரை கொடுத்தார்.
"ரத்தம் குடிக்கிற அட்டை தெரியும்,
ரத்தம் குடுக்கிற அட்டை இதுதானா?" என்று
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
தேத்தண்ணியோடு மட்டும் குடிக்காதீங்க அக்கா,
இரும்பை உடம்பில் சேரவிடாது என்றேன்.
எதிரே மலை. காலடியில் கொழுந்துச் சாக்குகள்.
அவள் இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்,
"எத்தன நாளைக்கு?"

பேராதனை மாலையில் பதில் அனுப்பியது:
ஒவ்வாத எண். நீக்கிவிடவும்.
குறிப்புப் பத்தியில் நூறு எழுத்துக்கு மேல் ஏறாது.
எழுதினேன்:
எலுமிச்சங்காய். சாம்பல். ஒரு ராத்திரி.
நீக்கவில்லை.

பிறகு, கோடு போட்ட பெயர்களுக்குப் பக்கத்தில்
மறுபடி ஒவ்வொன்றாய் எண் போட்டேன்,
அரை இல்லாமல்.
முப்பத்திரண்டில் பேனா நின்றது.
பெட்டியில் மிச்சம் அவ்வளவு ஊசிதான்.
வெளியே இரண்டாவது நிறுவைக்குக் கூப்பிடுகிறார்கள்.
ஹட்டன் பஸ் ஐந்தரைக்கு.