முப்பத்தாறு புள்ளி ஏழு

சொகூல்காவில் இரவெல்லாம் ரொட்டி சுடுகிறவளுக்கு
விடியல் என்பது பிற்பகல் இரண்டு மணி.
காலைத் தரையில் ஊன்றுமுன்,
ஒரு வார்த்தை பேசுமுன்,
நாக்கின் அடியில் வெப்பமானி.
ஐந்து நிமிடம் ஊமை நான்.

கட்டம் போட்ட தாளில்
புள்ளி வைக்கிறவர் கெர்வாசி.
மரவாடிக் கைகள். ஆனாலும் பென்சிலைக்
கோழிக்குஞ்சைப் போலப் பிடிப்பார்.
கோடு மேலேறி மூன்று நாள் நின்றால்
அன்றிரவு, இல்லை, அன்று பகல்
திரையை இழுத்துவிடுவார்.
மற்ற நாட்களில் சமையலறை பெஞ்சில் தூக்கம்.
தவக்காலம் என்பார், சிரித்துக்கொண்டே.

மூன்று பிள்ளைகள்.
நாலாவதை உன் இதயம் தாங்காது
என்று டாக்டர் சொன்னபோது
அவர் நடைக்கூடத்தில் காபி வாங்கிக்கொண்டிருந்தார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன்:
"சாமி, கதவைப் பூட்டுவது பாவம்.
யாரும் வராத நேரம் பார்த்துத்
திறந்து வைப்பது மட்டும் எப்படிப் பாவமில்லை?"
மரச்சல்லடைக்கு அப்பால் ஓனுஃப்ரி சாமி
நெடுநேரம் மூக்கை உறிஞ்சினார்.
"நேரத்தைப் படைத்தது அவர், மகளே.
பூட்டைச் செய்தது நாம்."
நல்ல பதில்.
வீடு வரைக்கும் கூடவே வந்தது.
வாசலில் நின்றுவிட்டது.

பொஹோனிக்கியிலிருந்து சைக்கிளில் வருகிற ஜெமீலா,
தாத்தார் பெண், எதிர் மேசையில் மாவு பிசைபவள்,
எல்லாம் கேட்டுத் தோளைக் குலுக்கினாள்.
"எங்கள் மார்க்கத்தில் புருஷன் விலகிக்கொள்ளலாம்.
ஆனால் பெண்டாட்டியின் சம்மதம் கேட்டாக வேண்டும்,
அப்படித்தான் அப்பா சொல்வார்."
"உன்னவர் கேட்டாரா?"
"ஒரு தடவை. டிராக்டர் சத்தத்துக்கு நடுவில்."

கேட்டாக வேண்டும்.
அந்த இரண்டு சொல்லையும்
மாவோடு சேர்த்தே உருட்டியிருக்கிறேன்.
உப்பு போட மறந்து
நாற்பது ரொட்டி வீண்.

மறுநாள் இரண்டு மணி.
முப்பத்தாறு புள்ளி ஏழு. மூன்றாம் நாள்.
கெர்வாசி திரைக்குக் கை நீட்டினார்.
வெப்பமானியை எடுத்துவிட்டுச் சொன்னேன்:
"தாளைக் கேட்டாச்சு.
கோயிலில் கேட்டாச்சு.
காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயைக்கூடத்
தினம் தினம் கேட்டாச்சு."
மிச்சத்தைச் சொல்லவில்லை.

திரை பாதியில் நின்றது.
பென்சிலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
காதில் செருகிக்கொண்டார், மரவாடியில் செய்வதுபோல.
பதினோரு வருடக் கல்யாணத்துக்குப் பிறகு
பெண் கேட்க வந்தவராய்க்
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து
தொண்டையைச் செருமினார்.

அன்றைய கட்டம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.