ஆம் என்று அமுக்கியது

அதிகாலை மூன்றுக்கு நெற்றியில் விளக்கு கட்டி
ரப்பருக்குள் நுழைந்தால்
குலசேகரத்துக்கு மேலே நெட்வொர்க் கிடையாது.
சுகிர்தாவின் குரல் நாற்பதாம் மரத்தில் அறுந்துபோகும்.
தோஹாவில் ஓர் அறையிலிருந்து அவள் பேசுவது
மழை, நல்லமிளகு விலை, யாரோ கேட்ட பாட்டு.

அதனால் ஒரு மென்பொருள் இறக்கினேன்,
ஓடுகிற ஒலியைப் பிடித்து வைப்பது.
முதலில் ஒரு பெட்டி கேட்டது:
உரிமையாளரின் அனுமதி உமக்கு உண்டா?
விரலில் பால் பிசுக்கு.
ஆம் என்று அமுக்கினேன்.

தக்கலையில் வக்கீல் ரெஜிலாவிடம் கேட்டேன்.
கருவி குற்றமில்லை, வெட்டுக்கத்தி மாதிரி, என்றார்.
தனக்கென்று வைத்தால் ஒருமாதிரி,
ஒருத்தருக்குக் கொடுத்தால் வேறுமாதிரி,
பூட்டை உடைத்தால் அது தனி.
"சானல்ல குடத்துல கோரலாம்,
மோட்டார் வைக்கப்பிடாது, கேட்டீரா?"
கொஞ்சம் யோசித்து,
"நீரு வச்சது குடமா மோட்டாரா எண்ணு
கோர்ட்டுதான் சொல்லணும்."
ஃபீஸ் வாங்கவில்லை.

ஆடியில் அந்த வானொலி நின்றது.
பதிவு செய்யக்கூடாது என்று
மணிக்கொருமுறை சொன்னவளே
கேட்டவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினாள்:
சர்வர் போயிற்று, எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை,
யாராவது வைத்திருக்கிறீர்களா?

இருநூற்றுப் பதினொரு இரவுகள் என் போனில்.
இருக்கு என்று தட்டினேன். அழித்தேன்.
கொடுத்தால் வேறுமாதிரி.
சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் யாருக்கு என்பதே
எனக்கும் முதலாளிக்கும் இன்னும் தீரவில்லை.

மரத்தில் சாய்ந்து ஒரு கோப்பைத் திறந்தேன்.
சுகிர்தா தும்முகிறாள்.
யாரிடமோ மெதுவாக,
"இத வெட்டிரணும், என்ன?"