மைனஸ் இருபத்திரண்டு, கப்பலூர்

எட்டு மணி நேரம் எனக்கு உறைபனியில் வேலை.
மிச்ச நேரம் மதுரை.

கப்பலூர் சிட்கோவில் கடைசித் தெரு,
ஐஸ்கிரீம் கிட்டங்கி.
கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் எரியும்
மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே போனதும் மூக்குமுடி முதலில் விறைக்கும்.
மீசை நரைக்கும்.
இரும்பு ராக்கைக் கையுறை இல்லாமல் தொட்டால்
தோலைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டுதான் விடும்.
ஆனாலும் அது நேர்மையான குளிர்.
அடிக்கும், எதிரே நின்று அடிக்கும்.
வெளியே வந்து கோட்டைக் கழற்றினால்
கோட்டோடு போய்விடும்.

வெளியே இருப்பது வேறு சாதி.
மார்கழி, பதினெட்டு டிகிரி,
குளிரென்று சொன்னால் சிரிப்பார்கள்.
உப்புச்சாடி அழுகிறது.
தீக்குச்சி தலையைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது.
அப்பளம் பொரிக்குமுன்பே தளர்ந்திருக்கிறது.
வைகைப் பக்கமிருந்து வரும் மூட்டம்
திருப்பரங்குன்றத்தைக் காலை எட்டு வரை
திருப்பித் தருவதில்லை.
அது அடிப்பதில்லை.
போர்வைக்குள் வந்து
பக்கத்தில் படுத்துக்கொள்கிறது.

மச்சினன் ஒச்சுக்காளை லடாக்கில் இருக்கிறான்,
ராணுவ லாரி ஓட்டுகிறான்.
சிக்னல் கிடைக்கிற ஞாயிறுகளில் பேசுவான்.
"உங்க ஃப்ரீசரு எங்களுக்குச் சித்திரை மாசம் மாமா"
என்பான்.
உதடு வெடித்த குரல்.
ஒருநாள் சொன்னான்:
"துவைச்ச சட்டையக் கொடியில போட்டா
அப்பளக் கட்டை மாதிரி ஆயிரும்.
நெட்டா நிக்கும்.
ரெண்டு நாள்ல ஈரம் எங்க போச்சுன்னே தெரியாது,
தண்ணியா ஆகாமலே போயிரும்."

இங்கே மூன்று நாளாகத் தூறல்.
மகள் யாழிசையின் பள்ளிச் சீருடை
மின்விசிறிக்குக் கீழே
புழுங்கல் வாடையோடு தொங்கியது.
திங்கட்கிழமை ஆய்வாளர் வருகிறாராம்,
கலர்ச்சட்டை போட்டால் வெளியே நிறுத்துவார்களாம்.
பவுன்தாயி பேசவில்லை.
சட்டையைப் பிழிந்து பிழிந்து
என்னைப் பார்த்தாள்.

சனி ராத்திரி ஷிப்டுக்குச்
சோற்றுத்தூக்கின் அடியில் ஒளித்துக் கொண்டுபோனேன்.
பிஸ்தா டப்பாக்களுக்குப் பின்னால்,
காற்றாடி வீசுகிற மூலையில்
கம்பியில் மாட்டினேன்.
ஒரு மணியில் பலகை.
கையை விரித்து நின்றது,
ஆள் மட்டும் இல்லை.
எனக்கு ஏனோ அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.
ரெண்டு சாக்கை இழுத்து மறைத்துவைத்தேன்.

ஞாயிறு ராத்திரி சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டார்.
"இதென்னய்யா, கொடியா?"
முறைத்தார்.
தொட்டுப் பார்த்தார்.
"காஞ்சிருக்கே" என்றார்.
எழுதாமல் போய்விட்டார்.

காய்ந்துதான் இருந்தது. சத்தியமாக.
தட்டினேன், மாவு மாதிரிப் பனி உதிர்ந்தது.
விடியற்காலை ஐந்து மணிக்குக்
கதவைத் திறந்து அதோடு வெளியே வந்தேன்.

அவ்வளவுதான்.
அதற்காகவே காத்திருந்த மாதிரி
மதுரையின் காற்று முழுவதும்
அந்தச் சின்னச் சட்டைமேல் வந்து உட்கார்ந்தது.
கண்ணாடி மங்கிவிட்டது,
விரலால்தான் தெரிந்தது.
காலர், பை, பொத்தான்துளை,
ஒவ்வொன்றாக நனைந்துகொண்டு வந்தது.
டோல்கேட்டில் லாரிகள்
விளக்கைப் போட்டு ஊர்ந்தன.
எங்கோ ஒலிபெருக்கியில் பஜனை
அதுவும் ஈரமாக.

பவுன்தாயி தேய்ப்புப்பெட்டியை
நாலுமுறை சூடாக்கினாள்.
ஆவி எழும்பியது, அடங்கியது.
யாழிசை போட்டுக்கொண்டு
தோளை ஒருமுறை உதறினாள்.
கையை முகர்ந்தாள்.
"அப்பா, பிஸ்தா!"

அடுத்த ஞாயிறு ஒச்சு கேட்டான்,
"காஞ்சுச்சா மாமா?"

உள்ளே காய்ந்தது என்றேன்.
அவன் கொஞ்சநேரம் பேசவில்லை.
சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன்.
பிறகு,
"எனக்கு இங்க வேர்வைகூட நனையமாட்டேங்குது மாமா" என்றான்.
"லீவு கெடைச்சா
நம்ம வீட்டுப் போர்வைக்குள்ள
ஒருநாள் நல்லா நடுங்கணும்."