பதினாலாம் நம்பர் கதவு

இரண்டாவது பூச்சுக்குப் பிரஷ்ஷை முக்கியெடுத்து
மேல்சட்டத்தில் ஒரு சாண் இழுத்திருப்பேன்.
எதிர் அறைக்கு ஆள் வந்துவிட்டார்கள்.
அகர்தலாவோ அசாமோ,
மூன்று பை, ஒரு குக்கர், அக்குளில் ஸ்கேன் உறை,
நடுவில் கம்பளிக் குல்லா போட்ட ஒருவர்.
வேலூரில், கத்திரி வெயிலில், கம்பளிக் குல்லா.

மேனேஜர் முனிரத்தினம் மூச்சிரைக்க மாடியேறி
"வார்னிஷ் நெடி அவருக்கு ஆகாதாம்,
காலி பண்றவரைக்கும் நிறுத்து யுவராணி" என்றார்.
எத்தனை நாள் என்றேன்.
"அதை ஆஸ்பத்திரியில போய்க் கேளு."

நான் சும்மா கேட்கவில்லை.
ஒரு டீ குடிக்கிற நேரமென்றால்
பிரஷ் வார்னிஷிலேயே கிடக்கலாம்.
ஒரு ராத்திரியென்றால்
பாலிதீன் பையைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு.
நாலைந்து நாளென்றால் டர்பன்டைன்,
அதுவும் இந்த ஊரில்
ஊற்றிய கையோடு வெயில் பாதியைக் குடித்துவிடும்.
நாள் தெரியாதென்றால் ஆளிவிதை எண்ணெய்தான்.
காய்ச்சாதது.
காய்ச்சியது முடிக்குள் பிசினாகிக்
கடைசியில் கத்தியால் சுரண்ட வேண்டிவரும்.

பழைய தினத்தாளில் பிரஷ்ஷைப் பிழிந்தேன்.
டர்பன்டைனில் மூன்று தடவை அலசினேன்.
மூன்றாவது கழுவல் வெளுத்த டீ நிறத்துக்கு வந்தபிறகு
எட்டாம் நம்பர்க்காரர்கள் விட்டுப்போன
ஹார்லிக்ஸ் பாட்டிலில் எண்ணெய் ஊற்றி
கைப்பிடி ஓட்டையில் கம்பி கோத்துத் தொங்கவிட்டேன்.
முடி முழுக்க நனைய வேண்டும்,
நுனி அடியைத் தொடக் கூடாது.
நிற்கவைத்த பிரஷ் ஒரே ராத்திரியில் மடங்கிக்கொள்ளும்,
பிறகு எந்தக் கதவுக்குப் போனாலும்
மடங்கியேதான் இழுக்கும்.
இது லாங்கு பஜாரில் இருநூற்று எண்பது ரூபாய்,
என் ஒருநாள் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

மோட்டார் ரூம் ஜன்னலில் பாட்டில்.
மூன்றாம் மாடியில் நான் சுண்ணாம்பு சுரண்டிக்கொண்டிருந்தேன்,
பிறகு எமல்ஷன்.
எமல்ஷன் பிரஷ்ஷுக்கு இந்தக் கவலை கிடையாது,
வாளித் தண்ணீர் போதும்,
லாரி வந்த நாளென்றால்.

ஆறாம் நாள் எண்ணெய் ஊற்றும்போது
அந்த அம்மா தண்ணீர் பிடிக்க வந்தாள்.
பாட்டிலைப் பார்த்தாள்,
உள்ளே தொங்குவதைப் பார்த்தாள்.
"கித்னா தின்?"
எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என்னுடையது.
இந்தி எங்கள் இரண்டு பேருக்கும் இரவல்.
இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.
பத்து நாள் என்று எடுத்துக்கொண்டாளா,
தெரியாது என்று எடுத்துக்கொண்டாளா,
தலையாட்டிவிட்டுப் போனாள்.
மறுநாளிலிருந்து தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம்
ஜன்னலை ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள்.
ஒருநாள் பாட்டில்மேல் பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தது,
தூசிக்கு.
நான் போடவில்லை.

இருபத்திமூன்றாம் நாள் காலி செய்தார்கள்.
காட்பாடியில் ராத்திரி வண்டி.
குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு
ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார் அவர்.
மூன்று மாதம் கழித்து மறுபடி வர வேண்டுமாம்,
அதே அறைக்கு முனிரத்தினம் முன்பணம் வாங்கிவிட்டார்.

பிரஷ்ஷை வெளியே எடுத்தேன்.
உள்ளங்கையில் அழுத்தினால் விரிந்து
விட்டால் கூடியது.
எண்ணெய் போக டர்பன்டைனில் அலசி,
ஒட்டியிருந்தால் வார்னிஷ் காயாது,
துணியில் ஒற்றிக்கொண்டு கதவுக்கு வந்து
வார்னிஷ் டப்பாவைத் திறந்தேன்.

நிறுத்தச் சொன்ன அவசரத்தில்
மூடியைச் சரியாக அமுக்கவில்லை போலிருக்கிறது.
அரை விரற்கடைக்குத் தோல்.
ஆணியால் குத்தினால் ஆணி நிற்கிறது.

சிரிப்புத்தான் வந்தது,
கெட்ட வார்த்தைக்கு அப்புறம்.

விளிம்போடு அறுத்துத் தோலை எடுத்துப் போட்டு
கிழிந்த நைட்டித் துணியில் மிச்சத்தை வடிகட்டினேன்.
கதவுக்குப் போதும், நிலைக்குப் போதாது.
மேல்சட்டத்துப் பழைய சாணுக்கும் புதியதுக்கும் நடுவே
ஒரு கோடு தெரிகிறது,
தேடினால்தான் தெரியும்.
மிஞ்சியது ரெண்டு ஸ்பூன்.
மூடியைச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி
டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்தேன்.