அளக்க வந்தவள்

சியெனாவில் ஆறு வாரம்
யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
முக்காலியும் பலகையுமாய்ச் சந்துக்குச் சந்து
என்னைப்போல் நாற்பது பேர்.
புறாக்கள்கூட எங்களைச் சுற்றி நடக்கப் பழகியிருந்தன.
எழுநூறு வருடச் சுவர்
இன்னும் ஒரு வாரம் நிற்காதா என்ன என்று
நிதானமாய் அழித்து அழித்து வரைந்தேன்.

பிஸ்கட் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்த சம்பளம்,
ஒன்பது வருடச் சேமிப்பு,
அங்கேதான் கரைந்தது. வருத்தமில்லை.
ஓர் ஊரின் மண் ட்யூபில் அடைபட்டு
ஊர்ப் பெயரோடு கடைகளில் விற்கிறது.
அந்த மண்ணிலேயே உட்கார்ந்து
அதைப் பிதுக்கியவள் நான்.

டொனாட்டெல்லா சொல்வாள்:
நிழலைக் கறுப்பால் தொடாதே.
இரண்டு மணி நேரம்தான்,
பிறகு வெளிச்சம் வேறொருத்தியுடையது.
கண்ணை இடுக்கு.
படத்துக்கு உதவாததை விட்டுவிடு.

விட்டேன்.
சாரக்கட்டை, குப்பைத் தொட்டியை,
தேவாலயப் படியில் தூங்கிய ஆளை.
படம் நன்றாக வந்தது.

இப்போது இங்கே
பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா,
வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.
செம்பனை மில்லுக்குப் பின்னால் ஐந்தாம் லயம்,
காலை ஏழரை.
மில்லின் புளித்த எண்ணெய் வாடை
ஈரத் தாளில் வண்ணத்துக்கு முன்பே ஏறிவிட்டது.
அவசரமாய் வரையவேண்டும்.
இந்த ஊர் வெயில் சாய்ந்து நின்று போஸ் கொடுக்காது,
ஒன்பதுக்குள் தலைமேல் வந்து குந்திக்கொள்ளும்.

பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து
ஒற்றைக் கண்ணால் கூரையின் உயரம் எடுத்தேன்.
அவ்வளவுதான்.

மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது.
பிறகு ஐந்தாவது.
குலை ஏற்றிய டிராக்டரை நிறுத்திவிட்டு
லொம்போக்கிலிருந்து வந்த இத்ரிஸ் பார்த்தான்.
புனிதவதி ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள்.
உள்ளே ஐசி, தண்ணி பில்லு,
செத்துப்போன புருஷனின் சம்பளச் சீட்டு.
"எத்தன நாள் குடுத்திருக்காங்க?"

எனக்குப் புரியவில்லை.
"கம்பெனியில இருந்துதானே?
போன மாசமும் ஒருத்தன்
இப்படித்தான் மூணு கால நட்டுவச்சு
ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு நின்னான்.
அவன் போனப்புறந்தான் நாலாம் லயத்த இடிச்சாங்க."

படம்தான் என்றேன். தாளைக் காட்டினேன்.
சும்மா, படம்.
"சும்மா எதுக்கு எங்க வீட்ட?"
இதற்கு இத்தாலிய மொழியிலும்
என்னிடம் பதில் இல்லை.

கூரைகளை எண்ணினாள், கதவுகளை எண்ணினாள்.
பின்பக்கம் தகரம் இறக்கிய அடுப்படிக்கு வந்ததும்
குரல் தாழ்ந்தது.
"இத மட்டும் போடாதீங்க. பெர்மிட் எடுக்காதது."

"போடுங்க!"
வாயில் பற்பசை நுரையோடு கணேசமூர்த்தி.
"தேதியும் போடுங்க.
நாளைக்கு கோர்ட்டுல
இங்க ஒன்னுமே இல்லேன்னு சொல்லுவான்."
"உங்க அடுப்படியா போவுது? பேச வந்துட்டீங்க."

முக்காலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி,
அந்தப் பக்கம் ஒருத்தர்.
என் தலைக்கு மேலே சண்டை.
தட்டில் வண்ணம் காய்ந்தது.

டொனாட்டெல்லா,
உதவாததை என்றாய்.
யாருக்கு என்று அன்று நான் கேட்கவில்லை.
படியில் தூங்கியவனின் செருப்பு
ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
படத்தில் இல்லாத அதுதான்
இப்போது துல்லியமாய்த் தெரிகிறது.

கடைசியில் தகரத்தை விட்டுவிட்டு
அது இருந்த இடத்தின் மேல்
மெல்லிய புகையொன்றை எழுப்பினேன்.
கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.
புனிதவதி குனிந்து பார்த்தாள்.
"எங்களுது கேஸ் அடுப்பு.
பொக எங்கிருந்து வந்துச்சு?"

டிஷ்யூவால் ஒற்றினேன். முழுக்கப் போகவில்லை.
மணி ஒன்பதரை.
கணேசமூர்த்தி வாய் கொப்பளிக்கப் போனார்.
இத்ரிஸ் டிராக்டரைக் கிளப்பினான்.
பலகையை மடக்கும்போது அவள் சொன்னாள்,
பையை இடுப்பில் செருகிக்கொண்டே:

"நாளைக்கு வந்தா
அந்த முருங்கை மரத்தாண்ட உக்காருங்க.
அங்கிருந்து பாத்தா
அடுப்படி தெரியாது."