ஓடைக்கு அக்கரை

ஃபோன்த்தெல்யாவின் ஆட்டுமணிக்கு
லிஸ்பனிலிருந்து முத்திரை வந்துவிட்டது.
நகர்மன்ற வாசலில் கொடி, பேண்டு வாத்தியம்,
சுடச்சுட மத்தி மீன்.
கழுத்தில் தொங்கும் ஓசைக்கு
இனி சட்டப்படி ஓர் ஊர் உண்டு.

வரைபடம் நான் போட்டது.
எல்லை எதுவரை என்று கேட்டார்கள்.
மணி மூன்றரை, ஐந்துக்கு ரயில்.
ஓடை வாகாகக் கிடந்தது;
ஓடையையே போட்டுவிட்டேன்.

அக்கரையில் தெயோலிந்தாவின் பட்டறை.
அதே இரும்புத் தகடு,
களிமண்ணும் வைக்கோலும் குழைத்த அதே பொதி,
உள்ளே உருகும் பித்தளைத் துணுக்கு.
சூளையிலிருந்து இழுத்து
உருட்டி உருட்டி ஆற்றுவது
தம்பி எர்மீனியோ.
அவன் வீடு இக்கரை.

விழாவுக்கு அவளும் வந்தாள்,
நகத்துக் கரி போகாமல்.
சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.
“கோடையில் ஓடை வற்றிவிடுமே,
அப்போது நான் எந்த ஊர்?”
யாரோ சிரித்தார்கள்.
நான் மீனில் முள் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பாலம் தாண்டிப் போய்
ஒரு மணி வாங்கினேன்.
விளிம்பில் இரண்டு தட்டு,
காதருகே வைத்துக் கேட்டு
இன்னும் ஒரு தட்டு.
ரசீதில் ஊர்ப்பெயர் போட
அவளுக்கு உரிமையில்லை.
மணி என்றும் போடவில்லை.
‘தகரம் - ஒன்று’
என்று எழுதி நீட்டினாள்.